சிறு விவசாயிக்கு எந்தக் காப்பீடு முதலில்? மதுரைப் பக்கத்துக் கணக்கு

மேலூர்ப் பக்கம் மூன்று ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஏக்கர் நெல், அரை ஏக்கர் மல்லிகை, வரப்போரம் தென்னை, கறவை மாடு இரண்டு, போர்வெல்லில் ஒரு சப்மெர்சிபிள், பழைய டிராக்டர் ஒன்று. காப்பீடு என்றதும் இவர் நெல்லுக்குத்தான் ஓடுவார். நெல் போனால் ஒரு போகத்தோடு முடியும். டிராக்டர் மட்கார்டில் உட்கார்ந்து வந்த ஆள் விழுந்து இறந்தால், நஷ்ட ஈடு கட்ட நிலத்தை விற்க வேண்டி வரும். கையில் இருக்கும் பிரீமியப் பணத்தை எதற்கு முதலில் போடுவது என்பதை இந்த அளவுகோலை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

பயிர்: விலை மலிவு, ஆனால் யார் வயலுக்கு?

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் விவசாயி கட்டுவது காரிப் (தென்மேற்குப் பருவமழைக்கால) பருவத்தில் காப்பீட்டுத் தொகையில் 2 சதவீதம், ராபியில் (குளிர்காலப் பருவம்) 1.5 சதவீதம், ஆண்டுப் பணப்பயிர், தோட்டக்கலைப் பயிர்களுக்கு 5 சதவீதம். மீதியை ஒன்றிய, மாநில அரசுகள் கட்டுகின்றன. ஏக்கருக்கு 36,000 ரூபாய் காப்பீட்டுத் தொகை என்றால் ராபி நெல்லுக்கு உங்கள் பங்கு 540 ரூபாய். இந்த விலைக்குத் தனியாரிடம் ஒன்றும் கிடைக்காது.

சிக்கல் இழப்பீட்டுக் கணக்கில் இருக்கிறது. நெல்லுக்கு அலகு வருவாய் கிராமம். ஊரில் சில வயல்களில் அறுவடைப் பரிசோதனை நடத்தி, அதன் சராசரியை உத்தரவாத மகசூலோடு (அந்த ஊருக்குத் திட்டம் வைத்திருக்கும் மகசூல் அளவு) ஒப்பிடுவார்கள். உத்தரவாத மகசூல் ஏக்கருக்கு 2,000 கிலோ, ஊர்ச் சராசரி 1,500 கிலோ என்றால் குறைவு 25 சதவீதம். 36,000-க்கு 9,000 ரூபாய் வரும். உங்கள் வயலில் ஒரு மூட்டைகூடத் தேறாவிட்டாலும் அதே 9,000தான். பெரியாறு வைகைப் பாசனத்தில் இது அடிக்கடி கண்ணில் படும்: தலைமடையில் விளைந்து கடைமடை காய்ந்தால், ஊர்ச் சராசரி தேறிவிடும், கடைமடைக்காரருக்கு ஒன்றும் வராது. இது மோசடி இல்லை, திட்டம் அப்படித்தான் வகுக்கப்பட்டிருக்கிறது.

தனி வயலைப் பார்த்து இழப்பீடு தரும் இடங்களும் உண்டு: ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேக வெடிப்பு, மின்னலால் பிடித்த தீ. அறுத்து வயலில் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் பருவம் தப்பிய மழையிலோ புயல் மழையிலோ நனைந்தாலும் தனியாக மதிப்பிடுவார்கள். நெல் வயலில் வெள்ளம் தேங்குவது 2018-ல் இந்தப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது. 2026 காரிப் முதல் அதைத் திரும்பச் சேர்ப்பதாகவும், காட்டு விலங்குச் சேதத்துக்கும் வழி செய்வதாகவும் 2025 நவம்பரில் ஒன்றிய வேளாண் அமைச்சகம் அறிவித்தது. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கம் காட்டுப்பன்றியோடு மல்லுக்கட்டுகிறவர்கள், தங்கள் மாவட்டமும் அந்த விலங்கும் மாநில அறிவிக்கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் 72 மணி நேரக் கெடு. 14447-க்குக் கூப்பிட்டு, புகார் எண்ணை எழுதி வையுங்கள். வி.ஏ.ஓ.விடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

பணம் நின்றுபோவது பெரும்பாலும் காகிதத்தில்தான். உட்பிரிவு ஆன பட்டாவில் பழைய சர்வே எண், அடங்கலில் (கிராமப் பயிர்ப் பதிவேடு) ஒரு பயிரும் விண்ணப்பத்தில் வேறு பயிரும், வங்கி இணைப்புக்குப் பிறகு மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. எண். பயிர்க்கடன் வாங்கியவர் வங்கியே பிரீமியம் பிடித்துவிட்டது என்று நிம்மதியாக இருப்பார். போன வருஷத்து நெல்லையே வங்கி பதிந்திருக்கும், வயலில் மக்காச்சோளம் நிற்கும். கெடு தேதிக்கு இரண்டு நாள் முன்பு வரை மாற்றலாம். குத்தகைதாரரும் சேரலாம், ஆனால் அடங்கல் அவர் பெயரில் இருக்க வேண்டும்.

மல்லிகை வைத்திருப்பவர் இந்தத் திட்டத்தை நம்பி உட்கார வேண்டாம். அறிவிக்கையில் உங்கள் பிர்காவுக்கு (பல கிராமங்கள் சேர்ந்த வருவாய்ப் பிரிவு) எந்தப் பயிர் இருக்கிறதோ அதற்கு மட்டும்தான் இது. தென்னைக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தின் தனித் திட்டம் உண்டு. குட்டை, ஒட்டு ரகங்களில் 4 வயது முதலும் நெட்டையில் 7 வயது முதலும், 60 வயது வரையுள்ள மரங்களுக்கு; பிரீமியத்தில் விவசாயி பங்கு கால்வாசி.

மாடு, மோட்டார்: தனித்தனியா, பேக்கேஜா?

மாட்டுக்குத் தேசிய கால்நடை இயக்க மானியம் கிடைக்கும்போது வேறெங்கும் போக வேண்டியதில்லை. 2024-ல் விவசாயி பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. மருத்துவர் சான்று, காதுவில்லை, வில்லை எண் தெரியும்படி மாட்டோடு படம். வில்லை விழுந்தால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்தில் சொல்லி மறு வில்லை போட்டு, நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுங்கள். வில்லை இல்லாத மாட்டுக்கு இழப்பீடு இல்லை. இறந்த மாட்டைப் பிரேதப் பரிசோதனைக்கு முன் புதைத்தாலும் அப்படித்தான். படிவத்தில் எழுதாத வேலைக்கு நிறுவனத்தின் சம்மதமில்லாமல் மாட்டைப் பயன்படுத்தினால் பாலிசி செல்லாது. உழவுக்காளை என்று பதிந்துவிட்டு அலங்காநல்லூர் வாடிவாசலுக்குக் கொண்டுபோகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொதுத்துறை நிறுவனங்களின் விவசாயி பேக்கேஜ் பாலிசியில் வீடு, பம்புசெட், மாடு, தனிநபர் விபத்து எல்லாம் ஒரே தாளில் வரும். மாட்டுக்கு மானியம் கிடைத்திருந்தால் பேக்கேஜில் அந்தப் பிரிவை எடுக்க வேண்டாம்; பம்புசெட்டும் வீடும் போதும். சப்மெர்சிபிளுக்கு மூன்று கேள்வி கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வோல்டேஜ் குறைந்து மோட்டார் காயில் எரிந்தால் உண்டா? போர்வெல்லிலிருந்து மோட்டாரை ஏற்றி இறக்கும் கூலி உண்டா? கேபிள் திருட்டு உண்டா? தேய்மானம் எந்த பாலிசியிலும் வராது.

டிராக்டர்: தேர்ட் பார்ட்டியா, ஃபுல் இன்சூரன்ஸா?

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி தேர்ட் பார்ட்டி (பிறருக்கு நேரும் சேதத்துக்கானது) கட்டாயம். பத்து வருஷத்துக்கு மேல் ஓடிய டிராக்டருக்கு, சொந்த வண்டிச் சேதத்தையும் சேர்த்த ஃபுல் இன்சூரன்ஸ் எடுப்பது எங்கள் கணக்கில் வீண். வண்டியின் மதிப்பு தேய்ந்திருக்கும், பிரீமியம் மட்டும் நிற்கும். மிச்சமாகும் பணத்தில் மூன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: கூலி டிரைவருக்கான பொறுப்பு, உரிமையாளர் ஓட்டினால் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, டிரெய்லருக்குத் தனிப் பிரீமியம். பிறர் சொத்துச் சேதத்துக்கான 7.5 லட்ச வரம்பை 6,000 ரூபாயாகக் குறைத்துத் தள்ளுபடி தருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு கார் கண்ணாடிக்கே அது காணாது.

நடவுக்கு ஆட்களை ஏற்றிப் போவதுதான் பெரிய ஆபத்து. டிராக்டரில் டிரைவர் தவிர யாருக்கும் இடம் இல்லை என்பதே சட்டத்தின் நிலை. காப்பீடு இல்லாத டிரெய்லரில் போய் அடிபட்ட தொழிலாளி வழக்கொன்றில், 2007-ல் உச்ச நீதிமன்றம் நிறுவனத்துக்குப் பொறுப்பு இல்லை என்றது. ஆனாலும் நிறுவனமே அவருக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளவும் உத்தரவிட்டது. ஆக, கடைசியில் பணம் உரிமையாளர் மடியிலிருந்துதான் போக வேண்டும். விவசாய டிராக்டர் என்று பதிந்துவிட்டுச் செங்கல் சூளைக்கு வாடகைக்கு விட்டாலும் இதே வம்புதான்.

கூலியாள்: 20 ரூபாய் திட்டம் போதுமா?

பிரதம மந்திரி சுரக்‌ஷா பீமா வருஷத்துக்கு 20 ரூபாய். விபத்து மரணத்துக்கு 2 லட்சம். பாம்புக்கடிக்கும் மரத்திலிருந்து விழுவதற்கும் பொருந்தும், உடனே சேர்த்த மருத்துவமனைப் பதிவு வேண்டும். மாநில அரசும் நிலமற்ற விவசாயத் தொழிலாளரின் விபத்து மரண உதவியை 2025-26 வேளாண் பட்ஜெட்டில் 1 லட்சத்திலிருந்து 2 லட்சமாக உயர்த்தியது. இரண்டையும் உங்கள் ஆட்கள் எல்லோரையும் எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் இவை தொழிலாளி குடும்பத்துக்கான உதவி. முதலாளியின் சட்டப் பொறுப்பை இவை ஒரு ரூபாய்கூடக் குறைக்காது.

அந்தப் பொறுப்பு 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. தோட்டக்கலை வேலை, டிராக்டர் அல்லது மின் இயந்திர உழவு, ஆழ்துளைக் கிணற்று வேலை எல்லாம் பட்டியலில் உண்டு. 40 வயதுக்காரர் இறந்தால், மாதக் கூலி 15,000 எனக் கொண்டு, அதில் பாதியை அந்த வயதுக்கு உரிய 184.17 என்ற காரணியால் பெருக்க வேண்டும்: 13,81,275 ரூபாய். மூன்று ஏக்கர்க்காரர் இதை எங்கே புரட்டுவார்?

இதற்குத் தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி தனியாக எடுக்க வேண்டும். வருஷக் கூலித் தொகையை அறிவித்து எடுப்பது. குறைத்துக் காட்டினால் இழப்பீடும் அதே விகிதத்தில் சுருங்கும். தேங்காய் வெட்டக் காண்டிராக்டர் கூட்டிவரும் ஆட்களையும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். தாமதத்துக்கான அபராதம் பாலிசியில் வராது, ஆகவே விபத்து நடந்த அன்றே தகவல் கொடுங்கள்.

வேலையாள் அல்லாத வெளியாளுக்கான பொதுப் பொறுப்பு பாலிசி, தோட்டத்துக்கு ஆட்களை வரவழைத்து வியாபாரம் செய்தால் மட்டும் தேவை. மற்றவர்கள் அந்தப் பணத்தில் கிணற்றுக்குக் கைப்பிடிச்சுவர் கட்டலாம். வேலியில் நேரடி மின்சாரம் விட்டு யாராவது செத்தால் அது குற்ற வழக்கு; அதற்கு எந்த நிறுவனமும் பணம் தராது.