ஹவொர்த்தியாவா, எச்சிவேரியாவா?

இரண்டுமே தடித்த இலையில் தண்ணீர் சேர்த்து வைக்கும் சக்குலென்ட் செடிகள். நர்சரியில் முதலில் கை போவது எச்சிவேரியா பக்கம்தான். ரோஜாப்பூ மாதிரி அடுக்கிய இலை, மேலே சாம்பல் பூத்த மெழுகுப் பூச்சு. விரலால் தடவினால் அது கையோடு வந்துவிடும். அந்த இலையில் திரும்பப் படியாது. ஆனால் மெக்சிகோ வெயிலில் வளர்ந்த செடி அது. வீட்டுக்குள் வெளிச்சம் போதாவிட்டால் தண்டு நீண்டு, இலைகள் விலகி, சில வாரங்களிலேயே அடையாளம் தெரியாமல் போகும். சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் எளிதில் அழுகவும் செய்யும்.

ஹவொர்த்தியா தென்னாப்பிரிக்காவில் புதர் நிழலில் வளர்வது. வெள்ளைக் கோடு போட்ட குட்டி வகை, ஜன்னலோர மேசையில் சுகமாக இருக்கும். உச்சி வெயில் பட்டால் சிவந்துவிடும், கருகவும் கூடும். மெதுவாக வளர்வதால் தொட்டி மாற்றும் வேலையும் குறைவு.

தண்ணீர் இரண்டுக்கும் ஒரே கணக்கு: மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான். அடியில் ஓட்டை இல்லாத அழகுக் கிண்ணம் வேண்டவே வேண்டாம்.

கன்று எடுக்க எச்சிவேரியாதான் சுலபம். அடியோடு பிய்த்த ஓர் இலையை மண்மேல் போட்டாலே வேர் விடும். ஹவொர்த்தியாவில் பக்கக்கன்று வரும்வரை காத்திருக்க வேண்டும். காலை வெயில் விழும் பால்கனி இருந்தால் எச்சிவேரியா வாங்கலாம். அலுவலக மேசைக்கு என்றால் ஹவொர்த்தியாதான், யோசிக்கவே வேண்டாம்.