கறுவலுக்கு மூன்று நாள் சேலைன் ஏற்றிய கிளினிக்

கிளிநொச்சியில், ஏ9 வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே, ஒரு வீட்டின் முன்னறையில் நடக்கிற மிருக வைத்திய கிளினிக் இது. டொக்டர் தனி ஆளாக நின்று பார்க்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் போடவில்லை. ஆனால் அங்கே நான் கற்றுக்கொண்டதை வன்னியில் நாய் வளர்க்கிற எல்லோரும் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

கறுவல் எங்கள் ஊர்நாய்க்குட்டி, நாலு மாதம், ஐந்து கிலோ. நான் மீன் வெட்டக் குந்தினால் முதல் ஆளாக வந்து நிற்பான். அந்தச் சனிக்கிழமை வரவில்லை. கூப்பிட்டேன், வாலை மட்டும் ஆட்டிவிட்டு ஆட்டுக்கொட்டிலின் நிழலிலேயே படுத்துக்கிடந்தான். வெயிலுக்குக் களைத்துவிட்டான் என்று விட்டுவிட்டேன். இரவு இரண்டு தரம் மஞ்சள் நுரையாகச் சத்தி எடுத்தான். விடியப் பார்த்தால் பீற்றூட் கரைத்த தண்ணீர் மாதிரி வயிற்றோட்டம். அந்த மணத்தை இன்னும் மறக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அரச கால்நடை வைத்திய அலுவலகம் பூட்டு. பக்கத்தில் ஒரு மருந்துக்கடையில் கேட்டேன். நாய்க்கு என்று சொல்லியும், எத்தனை கிலோ, இரத்தம் போகிறதா என்று ஒன்றுமே கேட்காமல், மனிதருக்கு வயிற்றோட்டம் நிற்கக் கொடுக்கிற மாத்திரையைத் தந்தார்கள். நானும் அரைவாசி உடைத்துக் கொடுத்துவிட்டேன். தொற்றினால் வருகிற வயிற்றோட்டத்தை அப்படி மறித்தால் வெளியே போகவேண்டிய நஞ்சு குடலிலேயே தங்கிவிடும் என்று டொக்டர் பிறகு விளங்கப்படுத்தினார். காய்ச்சல் என்று பனடோல் கொடுக்கவே கூடாதாம், அது நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும்.

பக்கத்து வீட்டுத் தம்பி தந்த இலக்கத்துக்கு எடுத்தேன். மூன்றாம் தரம்தான் பதில் வந்தது. விசுவமடுவிலிருந்து பரந்தன் வழியாக ஓட்டோவில் போய்ச் சேர்ந்தபோது டொக்டர் வாசலிலேயே நின்றார். “அக்கா, உள்ளே கொண்டுவராதேங்கோ, ஓட்டோவிலேயே இருக்கட்டும். உள்ளே வேறு குட்டிகள் நிற்குது” என்றார். முதலில் மனம் நொந்தது. காரணம் சொன்ன பிறகு மதிப்புத்தான் கூடியது.

அவர் கேட்ட கேள்விகளை அப்படியே எழுதுகிறேன், இதெல்லாம் வீட்டிலேயே பார்த்துவைக்க வேண்டியவை. எத்தனை தரம் சத்தி? வயிற்றை எக்கி எக்கி எடுத்தானா, சும்மா வாயால் வழிந்ததா? எக்கி எடுத்தால்தான் சத்தி, சும்மா வழிந்தால் கோளாறு தொண்டைக்குழாயில் இருக்கலாம். தண்ணீராவது வயிற்றில் தங்குகிறதா? கோழி எலும்பு தின்றானா? பக்கத்து வயலில் மருந்து அடித்தார்களா? அடித்திருந்தால் அந்தப் போத்தலின் லேபலையும் கொண்டுவர வேண்டுமாம். கண் மஞ்சளாக இருக்கிறதா என்று இமையை விரித்துப் பார்த்தார். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், அதன் சலத்திலிருந்து எங்களுக்கும் தொற்றும். வயல் பக்கம் இருக்கிற நாங்கள் இதைக் கட்டாயம் மனதில் வைத்திருக்க வேண்டும்.

பிறகு கறுவலின் உதட்டைத் தூக்கி பல்முரசை விரலால் அமத்திக் காட்டினார். வெளுத்த இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். அவனுக்கு மெதுவாகத்தான் சிவந்தது, முரசும் ஈரமில்லாமல் ஒட்டியது. தோளில் தோலைப் பிடித்து விட்டால் உடனே படியவில்லை. உடம்பில் தண்ணீர் இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். காய்ச்சல் 39.8 பாகை. நாய்க்கு 38.3 முதல் 39.2 வரை சாதாரணம். மலத்தைப் பஞ்சில் எடுத்துச் சோதித்து, கொஞ்ச நேரத்தில் பார்வோ வைரஸ் என்று சொன்னார்.

அந்த வைரஸைக் கொல்ல மருந்து இல்லையாம். குடலின் உள்தோலையும் வெள்ளணுக்களையும் அது தாக்குகிற நாட்களில் நாயை உயிரோடு தாங்கிப் பிடிப்பதுதான் வைத்தியம்: சேலைன், சத்தி நிற்க ஊசி, வேறு கிருமி தொற்றாமல் இருக்க ஊசி. மூன்று நாளும் கொண்டுபோனோம். மூன்று நாளைக்கும் சோதனையோடு சேர்த்து 11,500 ரூபா எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் செய்தார். பிழைப்பான் என்று ஒரு நாளும் பொய் நம்பிக்கை தரவில்லை.

குறைகளும் உண்டு. இரவு வைத்துப் பார்க்க வசதி இல்லை. எக்ஸ்ரே இல்லை. தொலைபேசி சுலபத்தில் கிடைக்காது. வயிறு ஊதி, சத்தி வராமல் வெறுமனே ஓங்காளிக்கிற நாய்க்கு உடனே சத்திரசிகிச்சை வேண்டிவரும், அப்படியானதைத் தன்னிடம் கொண்டுவந்து நேரத்தை வீணாக்க வேண்டாம் என்று அவரே சொன்னார்.

சத்தி நின்ற பிறகுதான் வாயால் கொடுக்கச் சொன்னார். வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கிற ஜீவனித் தூளைப் பக்கற்றில் எழுதியபடி கரைத்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. அதற்கு முன் வலுக்கட்டாயமாகப் பருக்கினால் சுவாசப்பைக்குள் போய்விடலாம். நாலாம் நாள் உப்பு, தூள், வெங்காயம் ஒன்றும் சேர்க்காமல் அவித்த கோழியும் குழைந்த சோறும், ஒரு பிடி அளவில் நாளுக்கு ஐந்து தரம். வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மீன்குழம்புச் சோற்றைத்தானே இவ்வளவு நாளும் போட்டேன்.

விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்று, இனிப் பயமில்லை என்று நம்பியிருந்தேன். அது வேறு, இது வேறு. பார்வோவுக்கான ஊசியை ஆறு முதல் எட்டுக் கிழமையில் தொடங்கி, மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கால், பதினாறு கிழமை ஆகும்வரை போட வேண்டும். இதைச் சொல்லும்போது டொக்டர் என்னைக் குறைசொல்லவில்லை, கடதாசியில் திகதி திகதியாக எழுதித் தந்தார்.

கறுவல் ஆறாம் நாள் சேவலைத் துரத்தினான். சீமெந்து நிலத்தை, ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவினேன். முற்றத்து மண்ணை அப்படிக் கழுவ முடியாது, அதில் வைரஸ் மாதக்கணக்கில் கிடக்கும். புதுக்குடியிருப்பில் தங்கச்சி எங்களுக்கென்று ஒரு பெட்டைக்குட்டி வைத்திருக்கிறாள். பதினாறு கிழமை ஊசியும் போட்டு இரண்டு கிழமை போகட்டும், அதுவரை அங்கேயே நிற்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.