புதுப்பள்ளியும் பாலாவும்: ஒரே மாவட்டம், இருவேறு வாரிசுக் கதைகள்

கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்திலுள்ள புதுப்பள்ளி, பாலா ஆகிய இரு சட்டமன்றத் தொகுதிகளும் அரை நூற்றாண்டுக் காலம் தலா ஒருவரையே தேர்ந்தெடுத்து வந்தன. புதுப்பள்ளியில் காங்கிரஸின் உம்மன் சாண்டி 1970 முதல் 2021 வரை 12 முறை வென்றார். பாலாவில் கேரள காங்கிரஸ் என்ற தனிக் கட்சியின் தலைவர் கே.எம். மாணி 1965 முதல் 2016 வரை 13 முறை வென்றார்.

வேறுபாடு அவர்களது மறைவுக்குப் பின்னரே வெளிப்பட்டது. 2021இல் 9,044 வாக்குகளாகக் குறைந்திருந்த உம்மன் சாண்டியின் வித்தியாசத்தை, 2023 செப்டம்பர் இடைத்தேர்தலில் அவருடைய மகன் சாண்டி உம்மன் 37,719ஆக உயர்த்தினார். அனுதாபம் பெரிதும் உதவியது என்றாலும், பிளவுபடாத கட்சி பின்னால் நின்றதே அடிப்படைக் காரணம் என்று கருதுகிறேன்.

பாலாவில் அந்த ஒற்றுமை இல்லை. கட்சியின் மூத்த தலைவர் பி.ஜே. ஜோசப்புக்கும் கே.எம். மாணியின் மகன் ஜோஸ் கே. மாணிக்கும் இடையிலான பூசலால், தமிழக வாக்காளர்களுக்கும் நன்கு பழக்கமான இரட்டை இலைச் சின்னம் 2019 இடைத்தேர்தலில் கட்சி வேட்பாளருக்குக் கிடைக்காமல் போக, கே.எம். மாணியிடம் மூன்று முறை தோற்றிருந்த மாணி சி. காப்பன் இடது முன்னணி சார்பில் 2,943 வாக்குகளில் வென்றார். 2021இல் இருவரும் அணி மாறி நின்றனர். காங்கிரஸ் தலைமையிலான ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு வந்துவிட்ட காப்பன், இடது முன்னணியில் சேர்ந்திருந்த ஜோஸ் கே. மாணியை 15,378 வாக்குகளில் தோற்கடித்தார்.