நுரையீரல் மாத்துனவங்களுக்கு மூச்சு பயிற்சி: எங்க கும்பகோணம் பிசியோ சென்டர், 5க்கு 4 ஸ்டார்

பாலக்கரை பக்கம் மாடில இருக்கற இந்த சென்டருக்குத்தான் எங்க அண்ணன கூட்டிட்டு போறோம், சென்னைல நுரையீரல் மாற்று ஆபரேஷன் முடிஞ்சு ஊருக்கு வந்ததுலேர்ந்து. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை பக்கம் இந்த மாதிரி ஒரு பேஷன்ட வச்சுக்கிட்டு எங்க போறதுன்னு தெரியாம முழிக்கறவங்க இருப்பீங்க, அவங்களுக்காகத்தான் நீளமா எழுதுறேன். முட்டி வலி, இடுப்பு வலின்னு போறவங்க நேரா கடைசி ரெண்டு பாராவுக்கு போயிடுங்க.

அண்ணனுக்கு சின்ன வயசுலயே டிபி வந்து சரியாயிடுச்சு, ஆனா அது போகும்போது நுரையீரல் குழாயெல்லாம் விரிஞ்சு போயி எப்பவும் சளி, எப்பவும் இன்பெக்ஷன்னு ஆயிடுச்சு. கடைசில வீட்லயே ஆக்சிஜன் மெஷின், ராத்திரி ஆனா மூச்சு விட உதவி பண்ற பைபேப் மெஷினோட மாஸ்க், ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு வேற கூடிக்கிட்டே போச்சு. இந்த மாதிரி கேஸ்ல ஒரு பக்கம் மட்டும் மாத்துனா பழைய பக்கத்து கிருமி புதுசுக்கு தொத்திக்கும்னு ரெண்டையுமே மாத்துனாங்க.

புது நுரையீரல் போட்டாச்சு, அப்புறம் என்ன மூச்சு பயிற்சின்னுதான் நாங்களும் நெனச்சோம், சொந்தக்காரங்களும் அதையேதான் கேட்டாங்க. இதுக்கு புரியற மாதிரி பதில் சொன்னது இந்த சென்டர் மேடம்தான், மத்த எடத்துலல்லாம் மூணு பந்து டப்பாவ கைல குடுத்து ஊதுங்கன்னு அனுப்பிட்டாங்க. அது ஊதற சாமானே இல்ல, உறிஞ்சற சாமான்! 600, 900, 1200னு அதுல போட்டிருக்கறது ஒரு செகண்டுக்கு எத்தன மில்லி காத்து உள்ள போவுதுங்கற கணக்கு. மூணு பந்தும் டப்புனு மேல போனா பெருமை இல்ல, மெதுவா இழுத்து மொத ரெண்டு பந்த கொஞ்ச நேரம் மேலயே நிக்க வைங்க அண்ணேன்னு அந்தம்மா பக்கத்துல உக்காந்து காட்டுனாங்க.

அவங்க சொன்னத எனக்கு புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். எவ்ளோ மூச்சு விடணும்னு கணக்கு போடறது நுரையீரல் இல்ல, மூளையோட அடிப்பக்கம், அது முக்கியமா பாக்கறது கார்பன் டை ஆக்சைட. அது வருஷக்கணக்கா ஏறியே இருந்தா கிட்னி பைகார்பனேட்டுன்னு அமிலத்த சமன்படுத்தற உப்ப சேத்து வச்சு சமாளிச்சுக்கும், மூளையும் சரி இதுதான் நார்மல்னு பழகிக்கிட்டு, ஏறுனாலும் வேகமா மூச்சு விடச் சொல்லாது. இப்ப நுரையீரல மாத்துனாலும் அந்த பழைய கணக்கு அன்னைக்கே மாறிடாது, மேட்டூர்ல தண்ணி தொறந்தவொடனே கடைமடைக்கு வந்துடுமா என்ன. ஆபரேஷன் முடிஞ்ச புதுசுல அண்ணனுக்கு கார்பன் டை ஆக்சைடு எறங்காமயே இருந்து நாங்க பயந்து செத்தோம், சில வாரத்துல அதுவா எறங்கிடுச்சு, பைபேப்பையும் எடுத்துட்டாங்க. ஏன்னு அன்னைக்கு யாராவது இப்படி சொல்லியிருந்தா நாங்க தூங்கியிருப்போம்.

இன்னொரு விஷயம் நரம்பு. மாத்தும்போது மூளைலேர்ந்து நுரையீரலுக்கு போற வேகஸ் நரம்போட கிளையெல்லாம் அறுபட்டுடும், அத தச்சு ஒட்ட வைக்கறதில்ல. உதரவிதானம்னு நுரையீரலுக்கு அடில மூச்ச இழுக்கற தசைக்கு வர்ற நரம்பு கழுத்துலேர்ந்து தனியா வர்றதால சாதாரணமா மூச்சு விடறதுக்கும் தூங்கறதுக்கும் பிரச்சன இல்ல. ஆனா நுரையீரல் எவ்ளோ விரிஞ்சிருக்குங்கற தகவல் மூளைக்கு போறதில்ல, அதனால நடக்கும்போது சில பேருக்கு மூச்சு எண்ணிக்கை கம்மியா ஒவ்வொண்ணும் ஆழமா இருக்கும். அண்ணன் பழைய நோயில குட்டி குட்டியா மேல்மூச்சு வாங்கி பழகுனவரு, இப்ப ஆழமா வந்தா ஏதோ ஆயிடுச்சுன்னு பதறி தோள தூக்கி வேகமா இழுப்பாரு. மேடம் அந்த தோள் மேல லேசா கைய வச்சுக்கிட்டே நடப்பாங்க, தோள் ஏறுச்சுன்னா ஒரு தட்டு, அவ்ளோதான். அதுலயே பாதி சரியாச்சு.

இதவிட முக்கியம் இருமல். மூச்சுக்குழாய்ல தையல் போட்ட எடத்துக்கு கீழ சளி கெடந்தாலும் மொதல்ல தெரியாது, இருமலே வராது, அந்த உணர்ச்சி திரும்ப மாசக்கணக்கு ஆகும். அதனால இருமல் வரும்போது இருமறதில்ல, மணி பாத்து இருமணும். வாய தொறந்து ஹா ஹான்னு காத்த வெளிய தள்ற ஹஃப்பிங், நெஞ்சு குறுக்க வெட்டி தச்சதால ஒரு சின்ன தலகாணிய அணைச்சுக்கிட்டு. வீட்ல அம்மா அத பாத்துட்டு அலாரம் வச்சு இருமுறான் பாருன்னு சிரிக்கறாங்க, ஆனா அலாரம் அடிச்சா மொதல்ல ஓடி வந்து தலகாணிய குடுக்கறதும் அவங்கதான்.

நடை டெஸ்ட் பண்ற விதமும் புடிச்சுது. 6 நிமிஷ நடைக்கு 30 மீட்டர் நேர் எடம் வேணுமாம், மாடில அது இல்ல, அதனால பின்னாடி சந்துல சாக்பீஸ்ல கோடு போட்டு ரெண்டு மொனைலயும் ஒரு பிளாஸ்டிக் சேர். வெரல்ல ஆக்சிமீட்டர். நடக்கறது எவ்ளோ கஷ்டமா இருக்குன்னு சொல்ல சுவத்துல கையால எழுதுன ஒரு அட்டை, 0ன்னா ஒண்ணுமே இல்ல, 10ன்னா இதுக்கு மேல முடியாது சாமி. அண்ணன் எப்பவும் ரெண்டு ரெண்டுன்னே சொல்வாரு, மேடம் விடமாட்டாங்க, "அண்ணே, எனக்கு நல்ல பேரு வாங்கி தர வேணாம், உள்ளத சொல்லுங்க". ஒரு நாள் ஆறுன்னாரு, ஆக்சிஜன் 97 இருக்கு. எங்கண்ணே வலிக்குதுன்னா தொடைலன்றாரு. அப்பதான் சொன்னாங்க, நெறைய பேருக்கு நடைய நிறுத்தறது நுரையீரல் இல்ல, காலு, படுத்து கெடந்ததுலயும் ஸ்டீராய்டுலயும் தசை போயிடுதுன்னு. அன்னைலேர்ந்து சேர்ல உக்காந்து எந்திரிக்கறதுதான் முக்கிய பயிற்சி.

மாத்திரை விஷயத்துல ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, புது நுரையீரல ஒடம்பு ஒதுக்காம இருக்க போடற டாக்ரோலிமஸ்ல சந்தேகமா, சென்னைக்கு போன் பண்ணுங்கன்னுதான். காலைல வீட்ல ஊதி மூச்சளவு பாக்கற ஸ்பைரோமீட்டர் நோட்ட மட்டும் வாங்கி பாப்பாங்க, அளவு 10 சதவீதம் எறங்குனா பயிற்சிய நிறுத்தி மொதல்ல டாக்டர்கிட்ட பேச வைப்பாங்க. பக்கத்து வீட்டு மாமா மூச்ச அடக்கி பிராணாயாமம் பண்ணச் சொன்னத கேட்டதுக்கு, இப்ப வேணாங்கன்னு நேரா சொல்லிட்டாங்க. அறுப்பு சீசன்ல மெஷின் ஓடுற பக்கமே போகக்கூடாது, வைக்கப்போர் பூஞ்சை இவங்களுக்கு ஆகாதுன்னு ஞாபகப்படுத்தறதும் அவங்கதான்.

ஒரு ஸ்டார் ஏன் கொறச்சேன்னா, லிஃப்ட் கெடயாது. படி செங்குத்து, கைப்புடி ஒரு பக்கம்தான். மூச்சு பேஷன்ட வர வைக்கற எடத்துல இது என்ன நியாயம்னு புரியல. வெயிட்டிங் ஹால்ல இருமறவங்க, மாஸ்க் இல்லாதவங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்திருப்பாங்க, எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கறவங்களுக்கு தனி நேரம் போர்டுல எழுதல, கேட்டா குடுக்கறாங்க. கரண்ட் போனா ஃபேனும் இல்ல.

ஒரு சிட்டிங் 400 ரூபா, பில்லு கேட்டா தருவாங்க. மகாமகக் கொளம் பக்கம் முகூர்த்த நாள்ல வண்டி நகராது, அதனால காலைல மொத ஆளா 8 மணிக்கு அப்பாயின்ட்மென்ட் போடுங்க, அப்ப ஹாலும் காலியா இருக்கும். டிஸ்சார்ஜ் சம்மரியும் வீட்ல ஊதுன நோட்டும் கைல எடுத்துட்டு போங்க, அது ரெண்டும் இல்லன்னா மொத நாள் பயிற்சி குடுக்க மாட்டாங்க.