பேசுவதா, மூடி வைப்பதா: ருவாண்டாவும் ஸ்பெயினும்

ருவாண்டாவில் 1994-ல் நூறு நாளில் சிறுபான்மை இனத்தவரான துட்சிகள் பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். வெட்டியவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள். சிறைகளில் ஒரு லட்சம் பேருக்கு மேல் அடைந்து கிடந்தார்கள்; வழக்கமான நீதிமன்றத்தை நம்பினால் விசாரணை முடியவே பல தலைமுறை ஆகும். அதனால் ‘கச்சாச்சா’ என்ற பழைய ஊர்ப் பஞ்சாயத்து முறையைத் தூசி தட்டி எடுத்தார்கள். புல்தரையில் ஊர் கூடும், ஊரே தேர்ந்தெடுத்தவர்கள் நீதிபதிகள், வக்கீல் கிடையாது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, பிணத்தை எங்கே போட்டோம் என்று சொன்னால் தண்டனை குறையும். 2012-ல் மூடும்வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள்! ஆனால் அப்போது நடந்த உள்நாட்டுப் போரில் வென்ற, துட்சிகள் தலைமையிலான படை செய்த கொலைகள் அங்கே விசாரணைக்கே வரவில்லை. என்னைக் கேட்டால், அது பாதி நியாயம்தான்.

ஸ்பெயின் நேர்மாறு. உள்நாட்டுப் போர் 1939-ல் முடிந்தது. அதில் வென்று சர்வாதிகாரியான ஃபிராங்கோ 1975-ல் சாகும்வரை தோற்றவர்கள் வாய் திறக்க முடியவில்லை. சரி, ஜனநாயகம் வந்த பிறகாவது? 1977 பொது மன்னிப்புச் சட்டம் அரசியல் கைதிகளை விடுவித்தது, கூடவே கொடுமை செய்த அதிகாரிகளையும் காப்பாற்றியது. அந்த மௌனத்தால் நாடு மறுபடி மோதலில் இறங்காமல் தப்பியது என்பார்கள். இருக்கலாம். ஆனால் பலென்சியா நகரில், குழந்தைகள் விளையாடும் பூங்காவுக்கு அடியில் தோண்டியபோது, 1936-ல் சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு தாயின் எலும்புக்கூடு கிடைத்தது. பக்கத்தில், நிறம்கூட மங்காத ஒரு கிலுகிலுப்பை. 2019-ல் அதை வாங்கிக்கொண்ட அவருடைய மகனுக்கு எண்பது வயது தாண்டியிருந்தது.