ராஜமலைக்கு எதில் போகலாம்: டூர் பஸ்ஸா, லைன் பஸ்ஸா, வாடகைக் காரா?

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பக்கத்து நகரம் பாலக்காடு. அங்கிருந்து இரவிகுளம் தேசியப் பூங்காவுக்கு, அதாவது ஊரே ராஜமலை என்று சொல்லும் இடத்துக்கு, மூன்று விதமாகவும் போய்ப் பார்த்துவிட்டேன். அம்மாவையும் சித்தியையும் கூட்டிக்கொண்டு கைடு வரும் டூர் பஸ்ஸில் இரண்டு தடவை, தனியாக லைன் பஸ்ஸில் ஒரு தடவை, மச்சான் குடும்பத்தோடு வாடகைக் காரில் ஒரு தடவை. எது நல்லது என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்கு கேட்டில் போய் நிற்பீர்கள்?

காரணம் இருக்கிறது. எந்த வண்டியில் போனாலும் ஐந்தாம் மைலில் இறங்கியாக வேண்டும். அதற்கு மேல் வனத்துறையின் வண்டிதான், அநேகமாக பஸ். சொந்தக் காரில் வந்தவரும், ஏசி பஸ்ஸில் வந்தவரும், ஆனவண்டியில், அதாவது கேரள அரசு பஸ்ஸில், தொங்கிக்கொண்டு வந்தவரும் ஒரே வரிசையில் நின்று அதே பஸ்ஸில் ஏறி, மேலே இறங்கி, அதே தார் ரோட்டில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடக்கிறார்கள். ஆக, நாம் காசு கொடுத்து வாங்குவது கேட் வரைக்குமான பயணத்தை. அப்புறம் எந்த நேரத்தில் அந்த வரிசையில் நிற்கிறோம் என்பதை. காலை எட்டு மணிக்கு அங்கே இருப்பவருக்கு வெயிலும் ஆனைமுடியின் கரும்பாறையும் கிடைக்கும். மதியம் போகிறவருக்குப் பல நாள் மேகம்தான் மிச்சம். 2695 மீட்டர் மலை ஒன்று கண்ணெதிரே இருக்கிறது என்று கைடு சொன்னால் நம்பிக்கொள்ள வேண்டியதுதான்.

இன்னொன்று, நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் பலர் கவனிக்காதது. பாலக்காட்டிலிருந்து கிளம்பி, கோபாலபுரத்தில் தமிழ்நாட்டுக்குள் நுழைந்து, பொள்ளாச்சி, உடுமலை வழியாகப் போய், சின்னாரில் மறுபடி கேரளத்துக்குள் வருகிறோம். இந்த வழியில் மூணாறு டவுனுக்கு முன்னாலேயே பூங்கா கேட் வந்துவிடும். மூணாறு வரைக்கும் போய்த் திரும்ப வேண்டிய அவசியமே கிடையாது. ஆனால் டூர் பஸ் திரும்பத்தான் செய்யும்.

சரி, டூர் பஸ்ஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். நாங்கள் போனது ஒரு தனியார் ஏற்பாட்டில். விடியற்காலை நாலு மணிக்குப் பாலக்காட்டில் ஏற்றினார்கள். உடுமலையில் டிபன். சாப்பிட்ட களைப்பில் பாதி பஸ் தூங்கிவிட்டது, மீதிப் பேருக்குத் திரையில் படம். சின்னார் காடு வந்தபோது ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்தது நானும் முன் சீட்டுப் பெரியவரும்தான். பத்து மணிக்கு ஐந்தாம் மைல் கேட்டைத் தாண்டிப் போனோம். "இதுதானே?" என்று சித்தி கேட்டார். "நமக்கு மதியம் ஒரு மணிக்குத்தான் ஸ்லாட் அம்மா" என்றான் கைடு. ஸ்லாட் என்றால் பூங்காவுக்குள் விடும் நேரம். மூணாறு போய், டீ மியூசியம் பார்த்து, சாப்பிட்டு, வந்த வழியே திரும்பி வந்து வரிசையில் நின்றோம். அன்றைக்கு ஆனைமுடி தெரியவில்லை. வரையாடு தெரிந்தது. அது எப்போதும் தெரியும், ரோட்டோரமாகவே மேயும். அம்மா அதை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "இதைப் பாக்கவா நாலு மணிக்கு எழுப்புன? நம்ம தெருவுல இல்லாத ஆடா?" என்றார்.

கைடுதான் காப்பாற்றினான். இது தமிழ்நாட்டின் மாநில விலங்கு என்றான். அப்படியென்றால் கேரளத்தில் என்ன செய்கிறது என்று பஸ்ஸில் வந்த ஒரு பொடியன் கேட்டான். நல்ல கேள்வி. 2025-இல் இரண்டு மாநிலமும் சேர்ந்து எடுத்த கணக்கில் இரவிகுளத்தில் மட்டும் 841 இருந்தன. மலைக்கு எல்லைக் கல் நட்டது நாம்தானே, ஆடா நட்டது? வரை என்றால் மலை, மலையாளத்திலும் வரையாடுதான், சங்கப் பாடல்களில் வருடை என்று வரும் என்று நான் என் பங்குக்குச் சொல்லப் போக, அந்தப் பையன் பாப்கார்ன் கேட்டு அழ ஆரம்பித்துவிட்டான்.

டூர் பஸ்ஸில் கைடுக்குக் கொடுக்கும் காசு வீண் என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். எங்கள் பஸ்ஸில் பாதிப் பேர் சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள், பாதி மலையாளிகள். அந்தக் கைடு பையன் எதையும் இரண்டு மொழியிலும் சொன்னான். டிக்கெட், வரிசை, கழிப்பறை எங்கே, எத்தனை மணிக்குத் திரும்ப வேண்டும், எல்லாம் அவன் தலையில். மேலே நடக்கும்போது அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனவனும் அவன்தான், நான் இல்லை. நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் முதல் தடவை போனபோது நடந்ததை இன்னும் மறக்கவில்லை. வரையாடு குட்டி போடும் காலம் என்று பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான், ஒளிவு மறைவு இல்லாத செய்தி. எங்களுக்கு டிக்கெட் விற்ற ஏற்பாட்டாளர் பிப்ரவரி முதல் வாரத்துக்கு "ராஜமலை" என்று நோட்டீஸ் அடித்து, அங்கே போனபின் மாட்டுப்பெட்டி அணையைக் காட்டித் திரும்பிவிட்டார். கேட்டால், நோட்டீஸில் பொடி எழுத்தில் "சூழ்நிலைக்கேற்ப இடங்கள் மாறலாம்" என்று இருந்ததாம். அதனால் எந்த டூரானாலும் மூன்று விஷயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள்: பூங்கா அன்று திறந்திருக்கிறதா, நுழைவுக் கட்டணம் சேர்த்தியா தனியா, ஸ்லாட் எத்தனை மணிக்கு. மூன்றாவது கேள்விக்குப் பதில் இழுத்தடித்தால் வேறு ஆளைப் பாருங்கள். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமும் 2021 முதல் பட்ஜெட் டூரிசம் என்று டிப்போக்களிலிருந்து டூர் விடுகிறது. அவர்களிடம் கேட்க வேண்டியதும் இதே மூன்றுதான். மூணாறில் 2025-இல் வந்த கண்ணாடி மாடி பஸ்ஸை நம்பி ராஜமலைக்குப் போய்விடலாம் என்று நினைக்காதீர்கள். அது தேவிகுளம், கேப் ரோட்டுப் பக்கம் போவது. இதற்கு நேர் எதிர்த் திசை.

இனி லைன் பஸ். எனக்குப் பிடித்தது இதுதான் என்பதை மறைக்கப் போவதில்லை.

பாலக்காடு–பொள்ளாச்சி பஸ்ஸுக்குக் குறைவில்லை, பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்கும் அப்படியே. உடுமலை–மூணாறுதான் எண்ணிக்கையில் குறைவு. இரண்டு மாநில அரசு பஸ்களும் ஓடுகின்றன. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு நெடுநேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். நான் செய்தது இது: மதியம் உடுமலையில் ஏறி, மூணாறு வரை போகாமல் மறையூரில் இறங்கி ராத்தங்கினேன். போனிலேயே மறுநாள் முதல் ஸ்லாட்டுக்கு டிக்கெட் எடுத்து வைத்தேன். விடிந்ததும் மூணாறு பஸ்ஸைப் பிடித்து, ஐந்தாம் மைலில் இறங்கினேன். வரிசையில் எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான்.

இந்த ரோட்டில் சாதா பஸ்ஸின் பெரிய வசதி கண்ணாடி இல்லாத ஜன்னல். உடுமலை தாண்டிச் சமவெளி முடிந்து சின்னார் வந்தால் முள்காடு. மலையின் மழை மறைவுப் பக்கம் அது. ஊரெல்லாம் மழை கொட்டும்போதும் அங்கே வெயில் காயும். யானை ரோட்டில் நின்றால் டிரைவர் என்ஜினை உறுமவிடாமல் ஓரமாக நிறுத்திவிடுவார். யாரும் கத்த மாட்டார்கள், தினசரி பார்க்கிறவர்கள். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே, "அண்ணா, இடது பக்கம் பாருங்க" என்றார். மிளா மான் ஒன்று ஓடை ஓரமாக நின்றது. டூர் பஸ்ஸில் திரையில் ஓடிய படத்தில் நான் தவறவிட்டது இதைத்தான்.

மறையூரில் வேலிக்குள்ளே சந்தனக் காடு, வெல்லம் காய்ச்சும் கொட்டகைகள். மறையூர் வெல்லத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இரண்டு கிலோ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன், ஊருக்குத் திரும்பும்வரை பை முழுக்கப் புகை வாசம். அங்கிருந்து மேலே ஏறினால் காற்றின் சூடு இறங்கிக்கொண்டே வரும். லக்கம் அருவி, தலையாறு, அப்புறம் தேயிலை. முள்காட்டிலிருந்து தேயிலைப் பச்சைக்கு இடையில் இருப்பது ஒரு மணி நேரச் சொச்சம்தான்.

அந்தக் காலை பஸ்ஸில் என் பக்கத்தில் எஸ்டேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். எங்கே போகிறாய் தம்பி என்றார். ராஜமலை என்றேன். "ஆடு பாக்கவா? அந்த ரோடு அதோட நிக்காது. அப்படியே உள்ள போனா பெட்டிமுடி" என்றார். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மலை சரிந்து லயங்கள், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், புதைந்த பெட்டிமுடி. 70 பேர் போனார்கள், பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். இரண்டு தடவை டூரில் போயும் இந்த ரோடு எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. கைடு மேல் குறை இல்லை, சுற்றுலா வந்தவர்களிடம் அவன் எப்படிச் சொல்வான்? மேலே நடை பாதை முடிகிற இடத்தில் எல்லாரும் திரும்பினார்கள். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

செலவு என்று பார்த்தால், மறையூர் அறை வாடகையைச் சேர்த்தும் டூர் பஸ்ஸுக்குக் கொடுத்ததில் பாதியைத் தொடவில்லை. ராத்திரி மூணாறில்தான் தங்க வேண்டும் என்றால் டிப்போவில் பழைய பஸ்களையே படுக்கை அறையாக்கி 2020 முதல் வாடகைக்கு விடுகிறார்கள். சின்னப் பிள்ளைகளோடும் வயதானவர்களோடும் இந்த வழி வேண்டாம். கொண்டை ஊசி வளைவில் நின்றுகொண்டே போக நேர்ந்தால் அந்த மலைப்பாதையே தண்டனையாகிவிடும். எலுமிச்சம்பழம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வாடகைக் காரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நேரம் உங்கள் கையில், நினைத்த இடத்தில் நிறுத்தி டீ குடிக்கலாம், சின்னார் காட்டுக்குள் மட்டும் இறங்கக் கூடாது. கேரள டாக்ஸி என்றால் தமிழ்நாட்டு பெர்மிட் யார் செலவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். பாலக்காட்டிலிருந்து மூணாறு என்றால் கேரளத்துக்குள்ளேதானே என்று நினைத்து நாங்கள் பேசாமல் விட்டுக் கோபாலபுரத்தில் தகராறு வந்தது. கேட்டுக்குப் போனபின் காரால் தொல்லைதான். ஞாயிற்றுக்கிழமை நிறுத்த இடம் இல்லாமல் டிரைவர் எங்களை இறக்கிவிட்டு எங்கேயோ போய்விட்டார். திரும்பி வந்தபோது அவரைத் தேடியதில் முக்கால் மணி நேரம். நாலைந்து பேர் பகிர்ந்தால் தலைக்கு டூர் பஸ் காசுதான் ஆகும், இரண்டு பேருக்குக் கட்டாது.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பூக்கும் நீலக்குறிஞ்சி ராஜமலையில் அடுத்துப் பூப்பது 2030-இல். 2018-இல் பூத்த சமயத்தில்தான் வெள்ளம் வந்து பெரியவாரை பாலம் போனது. மூணாறு பக்கமிருந்து பூங்காவுக்குப் போகிற வழியே அறுந்துவிட்டது. அதனால் 2030-க்கு இப்போதே ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். மறையூர் வரைக்கும் காரில் போய், ராத்திரி அங்கேயே தங்கி, காலை முதல் ஸ்லாட்டுக்கு மேலே ஏறிவிட வேண்டும். மூணாறு டவுனுக்குப் போகவே போவதில்லை. அம்மாவிடம் சொன்னேன். முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கார்ல அந்தக் கைடு பையன் வருவானா?" என்றார்.