வாள் எப்போது உடைய வேண்டும்? மேசை ஆர்பிஜி விதிகள் சில, அருகருகே வைத்து

தாக்க உருட்டும் இருபது முகப் பகடையில் 1 விழுந்தால் ஆயுதம் உடையும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆர்பிஜியை, அதாவது ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் கதை ஆட்டத்தை, நடத்துநராக (எதிரிகளையும் உலகத்தையும் கையாள்பவராக) நடத்தத் தொடங்கியபோது நான் சொந்தமாகச் சேர்த்துக்கொண்ட முதல் விதி இது. 2014-இல் வந்த ஐந்தாம் பதிப்பில் இப்படி ஒரு பொது விதி கிடையாது. துரு அரக்கன் போன்ற சில பிராணிகள் மட்டும் ஆயுதத்தை அரிக்கும்: மந்திரமில்லாத உலோக வாளால் அதை வெட்டும் ஒவ்வொரு தடவையும் வாளின் சேதத்தில் 1 குறையும், குறைவு 5-ஐத் தொட்டால் வாள் போயிற்று. மற்றபடி அந்தப் பதிப்பில் ஒரே வாளை ஆயுள் முழுக்க வீசலாம். அது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் அந்த 1.

அந்த விதியை நான் கைவிட்டதற்குக் காரணம் கணக்கு. முதல் நிலை வீரன் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை வெட்டுகிறான். ஐந்து சுற்றுச் சண்டையில் அவன் வாள் உடைய ஏறக்குறைய 23 சதவீத வாய்ப்பு. இருபதாம் நிலை வீரனுக்கு ஒரு சுற்றுக்கு நான்கு வெட்டு. அதே சண்டையில் அவனுக்கு 64 சதவீதம். வாழ்நாள் முழுக்க வாள் பிடித்தவன்தான் அதிகம் வாள் உடைப்பானாம். பக்கத்தில் நின்று நெருப்புக் கோளம் எறியும் மந்திரவாதியோ அந்த இருபது முகப் பகடையையே தொடுவதில்லை, எதிரிதான் உருட்டித் தப்பிக்கப் பார்க்கிறான். மந்திரவாதி ஒன்றும் இழப்பதில்லை. ஏற்கெனவே பின்தங்கியிருக்கும் வீரனை இன்னும் கீழே தள்ளும் விதி இது. யாரும் வைக்க வேண்டாம் என்பேன்.

அதே ஆட்டத்தின் 2003-இல் வந்த 3.5 பதிப்பு வேறு வழியில் போனது. அங்கே வாள் தானாக உடையாது. எதிராளி குறிவைத்து உடைக்க வேண்டும். இருவரும் தாக்குதல் பகடை உருட்டி, உடைக்க வருபவர் வென்றால் சேதம் வாளின் மேல் விழும். நீள்வாளுக்குக் கடினம் (ஒவ்வொரு அடியிலும் கழியும் சேதம்) 10, உயிர்ப்புள்ளி (அதற்குமேல் தாங்கும் சேதம்) 5. ஆக ஒரே அடியில் முறிக்க 15 சேதம் வேண்டும். பலசாலி ஒருவன் இரட்டைக் கை வாளை ஓங்கினால் இது எட்டாத எண் இல்லை. +1 மந்திர வாள் என்றால் கடினம் 12, புள்ளி 15, அதாவது 27 சேதம். எஃகுக்கும் மந்திரத்துக்கும் உள்ள வித்தியாசம் எண்ணிலேயே தெரிகிறது, அது எனக்குப் பிடிக்கும். சிக்கல் வேறு இடத்தில். எதிரியின் நல்ல வாளை உடைத்தால் சண்டை முடிந்தபின் நம் கைக்கு வர வேண்டிய வாளைத்தான் உடைத்திருப்போம். அதனால் ஆட்டக்காரர்கள் இந்த விதியைத் தொடமாட்டார்கள். நடத்துநர் தொட்டாலோ, மாதக்கணக்கில் ஆடிச் சம்பாதித்த ஆயுதம் ஒரு நொடியில் போகும். மேசையில் யாரும் பேசமாட்டார்கள். 2009-இல் அந்தப் பதிப்பை ஒட்டி வந்த பாத்ஃபைண்டர் ஆட்டம் இடையில் ஒரு படி வைத்தது: பாதிக்கு மேல் சேதமானால் தாக்குதலுக்கும் சேதத்துக்கும் -2. பின்னடைவு முதலில், முறிவு பிறகு. நல்ல திருத்தம்.

ரூன்குவெஸ்ட் என்ற இன்னொரு ஆட்டத்தின் 1984 பதிப்பில் தடுக்கும் ஆயுதம்தான் தேய்கிறது. வந்த அடி ஆயுதத்தின் புள்ளியைத் தாண்டினால் மிச்சம் உடம்பில் இறங்கும், ஆயுதத்தில் ஒரு புள்ளி குறையும். வாள்சண்டை எப்படித் தேயும் என்று யோசித்தவர்கள் எழுதியது. ஆனால் ஆறு எதிரிகளோடு சண்டை என்றால் நடத்துநர் ஆறு ஆயுதங்களுக்குக் கணக்கு வைக்க வேண்டும். கர்ப்ஸ் என்ற ஆட்டத்தின் நான்காம் பதிப்பு (2004) எடையைப் பார்க்கிறது: நம் ஆயுதத்தைப் போல மூன்று மடங்கு எடையுள்ளதைத் தடுத்தால் ஆறில் இரண்டு வாய்ப்பில் உடையும், நான்கு மடங்கென்றால் ஆறில் மூன்று. 3 பவுண்டு வாளால் 12 பவுண்டுச் சம்மட்டியைத் தடுக்கலாமா என்று ஆட்டக்காரர் ஒரு கணம் தயங்குவார். அந்தத் தயக்கம் போதும், இந்த விதி உருப்படி.

என் மனதுக்கு நெருக்கமானவை இன்னும் இரண்டு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் கதைக்களங்களில் ஒன்றான டார்க் சன் உலகில் உலோகம் அரிது. எலும்பும் எரிமலைக் கண்ணாடியும்தான் ஆயுதம். 2010-இல் நான்காம் பதிப்புக்கு வந்த விதி இப்படி: பகடையில் 1 விழுந்தால் அடி தவறியது என்று ஒப்புக்கொள்ளலாம், ஆயுதம் பிழைக்கும். அல்லது மறுபடி உருட்டலாம். அடி பட்டாலும் படாவிட்டாலும் ஆயுதம் உடையும். உலோகமாக இருந்தால் மறு உருட்டலில் 5 அல்லது அதற்குக் கீழே விழுந்தால்தான் உடைவு.

எங்கள் மேசையில் ஒரு தங்கை எலும்புக் கோடரியோடு ஆடினாள். வைத்தியன் தரையில் கிடக்கிறான், எதிரி அவன் மேல் ஏறி நிற்கிறான், பகடையில் 1. அவள் விரலைப் பகடை மேலேயே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவில்லை. "உடையட்டும் அண்ணா, நான் உருட்டுறேன்." 17. எதிரி விழுந்தான். அவள் பென்சிலை எடுத்து, தன் தாளில் கோடரி என்று எழுதியிருந்த வரியின் மேல் மெதுவாக ஒரு கோடு இழுத்தாள். அதே 1, அதே உடைவு. ஆனால் கோடரியைக் கொடுத்தது அவள்.

2018-இல் வந்த ஃபார்பிடன் லேண்ட்ஸ் என்ற ஆட்டம் இதையே தன் அச்சாணி ஆக்கிவிட்டது. ஆயுதத்துக்கென்று தனிக் கறுப்புப் பகடைகள். அகல வாளுக்கு இரண்டு. முதல் உருட்டலில் உடைவு கிடையாது. போதவில்லை என்று அழுத்தி மறுபடி உருட்டினால், கறுப்புப் பகடையில் நிற்கும் ஒவ்வொரு 1-க்கும் வாளின் பலம் (அதன் பகடை எண்ணிக்கை) ஒன்று குறையும்; பூஜ்யமானால் உடைந்தது. 1 அல்லது 6 விழுந்த கறுப்புப் பகடையை மறுபடி எடுக்க முடியாது என்பதால், இரண்டு பகடை வாளோடு அழுத்தும் ஒவ்வொரு முறையும் அது பழுதாக 48 சதவீத வாய்ப்பு. கேட்க அதிகம். ஆனால் பட்டறைக் கைத்திறன் உள்ள ஒருவர் குழுவில் இருந்தால் பழுது பார்க்கலாம், அதனால் அந்தக் கைத்திறனுக்கே மதிப்பு வருகிறது. நீண்ட பயண ஆட்டத்துக்கு இதற்கு இணை நான் பார்த்ததில்லை. ஒரே இரவில் முடியும் ஆட்டத்துக்கு வேண்டாம், தேய்மானம் தெரிவதற்குள் கதை முடிந்துவிடும்.

ஐந்தாம் பதிப்பு ஆடுபவர்கள் டார்க் சன் விதியை அப்படியே எடுத்து ஒட்டலாம். நான் இரண்டு மாற்றம் செய்திருக்கிறேன். மந்திர ஆயுதத்துக்கு இந்த மறு உருட்டலே கிடையாது, அதனால் உடைவும் கிடையாது. உடைந்த வாளின் அடித்துண்டு கையில் மிஞ்சும். சண்டை முடியும்வரை அதைக் குத்துவாளாக, நான்கு முகப் பகடைச் சேதத்தோடு வீசலாம். கேடயத்துக்குப் பழைய பாணி ஆட்டக்காரர்களிடமிருந்து ஒன்று: விழுந்த அடி பிடிக்கவில்லையா, கேடயத்தைப் பலி கொடு, அந்த அடி முழுவதும் போகும். அடுத்த ஊர்ச் சந்தை வரை கேடயம் இல்லாமல் நடக்க வேண்டும்.